13 வருசத்துக்குப் பிறகு தெரிய வந்தால் வழக்குப் போடலாமோ? (அக்காவின்ர ஒப்பரேஷன்)

#1 நந்திக்கடல் கரை
எல்லாருக்கும் வணக்கம். இந்தக் களத்தில நான் வாசிக்கிறதோட சரி, எழுதினது குறைவு. இண்டைக்கு அக்காவிட்ட கேட்டுப்போட்டுத்தான் எழுதுறன்.

அக்காவுக்கு 2009இல மூத்த பிள்ளை இல்லாமப் போச்சு. கடைசிச் சண்டைக்குள்ள, மாத்தளன்ல. அதைப்பற்றி இதுக்குமேல எழுத ஏலாது. பிறகு மெனிக் பாம் அகதி முகாம், பிறகு மீள்குடியேற்றம். 2012இல கடைசிப் பொடியனை வெட்டித்தான் எடுத்தவை. அப்ப அக்காவுக்கு 27 வயசு. மூத்தவளின்ர இடத்துக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை வேணும் எண்டு அவவுக்குப் பெரிய ஆசை. அஞ்சாறு வருசம் பார்த்தவை, நிக்கேல்ல. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைச்சு ஒவ்வொரு பொங்கலுக்கும் பாற்செம்பு எடுத்தவ. அத்தான்ர பக்கத்துச் சனம் கதைச்ச கதையளும் கொஞ்சமில்லை.

இப்ப வயித்தில கட்டி எண்டு வேறொரு ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் செய்தவை. அடுத்த நாள் வாட்டுக்கு வந்த டொக்டர் சாதாரணமாக் கேட்டிருக்கிறார், "அம்மா, எல்ஆர்டி எப்ப செய்தனீங்கள்?" எண்டு. அக்கா "அது என்ன டொக்டர்?" எண்டு கேட்டிருக்கிறா. அவர் கொஞ்ச நேரம் கதைக்கேல்லையாம். பிறகுதான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கருக்குழாய் ரெண்டும் ஏற்கனவே கட்டி வெட்டியிருக்கு, அதுதான் எல்ஆர்டி எண்டு விளங்கப்படுத்தினவராம்.

வீட்டை வந்து பழைய சொப்பிங் பையைக் கொட்டினம். எங்கட சனம் எல்லாரிட்டையும் இருக்கும்தானே, குடும்ப அட்டை, மெனிக் பாம் துண்டு, ஜீஎஸ் (கிராம சேவகர்) கடிதம் எல்லாம் போட்ட அந்தப் பை. 2012இல ஆஸ்பத்திரியால துண்டு வெட்டி வீட்டை விடேக்க குடுத்த கடதாசி அதுக்குள்ள மடிச்சபடி கிடந்தது. சிசேரியனுக்குப் போட்ட எழுத்துக்குப் பக்கத்தில ஒரு கூட்டல் குறி, பிறகு மூண்டு ஆங்கில எழுத்து. எல்ஆர்டி. 13 வருசமா எங்கட வீட்டு அலுமாரிக்குள்ள இருந்திருக்கு. வாசிச்சு விளங்கிற ஆள் ஒருத்தரும் இல்லை.

யப்பானில இப்பிடிச் செய்யப்பட்ட ஆக்கள் கிழடாகின பிறகும் வழக்கு வெண்டவை எண்டு வாசிச்சனான். எங்கட நாட்டில ஏலுமோ? டொக்டர் சொல்லி இண்டைக்கு 11 நாள்.

#2 பாலைப்பழம்
தங்கச்சி, வாசிச்சுப்போட்டு அரை மணித்தியாலம் ஒண்டும் எழுத வரேல்ல. அக்காவைத் தனிய விடாதேங்கோ. அந்தக் கடதாசியை லமினேட் பண்ணாதேங்கோ, ஒட்டாதேங்கோ, அப்பிடியே வையுங்கோ.

#3 சட்டக்கொப்பி
11 நாள் எண்டு எழுதினது நல்லதாப் போச்சு. மற்றக் கதை எல்லாம் பிறகு கதைப்பம், முதல்ல நாள் கணக்கு.

எங்கட அரசியலமைப்பில அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போறதுக்கு 126ஆம் உறுப்புரை தாற காலம் ஒரு மாசம். ஒரே ஒரு மாசம். நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில சிவில் வழக்குப் போடுறது எண்டால் காலவிதிப்புச் சட்டப்படி ரெண்டு வருசம். 2012இல இருந்து எண்ணினால் ரெண்டும் முடிஞ்சுது. ஆனா பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வந்த நாளில இருந்து ஒரு மாசத்தை எண்ணின தீர்ப்புகள் எங்கட உயர் நீதிமன்றத்திலயே இருக்கு. அக்காவுக்குத் தெரிய வந்தது 11 நாளைக்கு முதல். மற்றப் பக்கம் என்ன சொல்லும் எண்டதையும் மறைக்காமல் சொல்லவேணும்: "2012இலயே கையெழுத்து வைச்சவ, கடதாசியும் வீட்டில இருந்தது, தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லலாம்?" எண்டுதான் வருவினம்.

இன்னொரு வழி இருக்கு. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு பதிஞ்சால், 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவுப்படி அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசத்துக்குள்ள எண்ணுப்படாது. வவுனியாவில பிராந்திய அலுவலகம் இருக்கு. முறைப்பாட்டைக் குடுத்திட்டுச் சும்மா இருக்கக் கூடாது, விசாரணை உண்மையா நடக்குது எண்டதுக்கு அவையிட்ட எழுத்தில கடிதம் வாங்கவேணும்.

டொக்டர் சொன்ன திகதி எழுத்தில இருக்கோ?

#4 நந்திக்கடல் கரை
துண்டில இருக்கு. "முன்னர் எல்ஆர்டி செய்யப்பட்டுள்ளது" எண்ட கருத்தில ஆங்கிலத்தில எழுதித் திகதியும் போட்டிருக்கிறார். கேட்காமலே எழுதித் தந்தவர். அந்த மனிசனுக்குக் கோடி புண்ணியம்.

#5 இரணைமடுவான்
இது உங்கட அக்காவோட நிக்கிற கதை இல்லை தங்கச்சி. திட்டம் போட்டு எங்கட இனத்தைக் குறைக்கிற வேலை. 2013 ஓகஸ்ட் 31 மறக்கேல்ல. கிளிநொச்சியில வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு. பிள்ளையளுக்கு நிறை பாக்கிறம், போசாக்குப் பாக்கிறம் எண்டு தாய்மாரைக் கூப்பிட்டு, கைக்குள்ள ஜடெல் எண்ட கருத்தடைக் குச்சி வைச்சவை எண்டு அந்தப் பொம்பிளையளே சொன்னவை. அறிக்கையும் வந்தது. அதிகாரிமார் கட்டாயப்படுத்தேல்ல எண்டு மறுத்தவை. எந்த நீதிமன்றம் அதை விசாரிச்சது? வழக்குப் போட்டு வெல்லுவம் எண்டு இருக்கிறது வீண். இதை ஜெனீவாவுக்கு, ஐநா மனித உரிமைச் சபைக்குக் கொண்டுபோகவேணும்.

#6 வெள்ளைச்சீலை
நான் 19 வருசமா குடும்பநல உத்தியோகத்தரா (மருத்துவிச்சி) வேலை செய்யிறன். இஞ்ச எழுத யோசிச்சனான், ஆனா எழுதாமல் இருக்க மனம் வரேல்ல.

நந்திக்கடல் தங்கச்சி, உங்கட அக்காவுக்கு நடந்தது பிழை. சம்மதம் கேட்கிறது எண்டால், நோ வராத நேரத்தில, கிளினிக்கில வைச்சு, அவவுக்கு விளங்கிற பாசையில, "இதைச் செய்தால் இனிப் பிள்ளை பிறக்காது, திருப்பிறது கஷ்டம்" எண்டு சொல்லி, வீட்டை போய் யோசிச்சிட்டு வரச் சொல்லவேணும். எனக்கு அப்பிடித்தான் படிப்பிச்சவை. நான் அப்பிடித்தான் செய்யிறன். அதே நேரம் வேற இடங்களில பிரசவ மேசையில வைச்சுக் கையெழுத்து வாங்கிறதை நான் கண்டனான் எண்டதையும் சொல்லத்தான் வேணும். அண்டைக்கு வாயைத் திறக்கேல்ல. அது இண்டைக்கும் குத்துது.

இரணைமடு அண்ணை, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. இப்பிடி எல்லாத்தையும் ஒரே பானைக்குள்ள போட்டால் என்ன நடக்குது தெரியுமோ? போன கிழமையும் ஒரு பிள்ளை, நாலாவது கர்ப்பம், இரத்தம் (ஈமோகுளோபின்) 7இல நிக்குது, ஊசி போடப் பயம் எண்டுது. "கர்ப்பப்பையைக் கருக்கிப்போடுவாங்கள்" எண்டு மாமி சொன்னவவாம். கருத்தடை எங்கட பொம்பிளையளுக்குத் தேவை. கேட்டு வாங்க உரிமை இருக்கிற மாதிரியே வேண்டாம் எண்டு சொல்லவும் உரிமை இருக்கு. அந்த ரெண்டாவது உரிமையைத்தான் பறிச்சிருக்கினம்.

இன்னொண்டு: ஜடெல் வேற, எல்ஆர்டி வேற. குச்சியைக் கழட்டினால் பிள்ளை நிக்கும். குழாயை வெட்டினால் கதை முடிஞ்சுது.

#7 பாலைப்பழம்
கழட்டினால் எண்டுறியள் மிஸ். கழட்டினால்தானே.

எனக்கும் வைச்சது. எந்த ஊர், எந்தக் கிளினிக், எந்த வருசம் எண்டு சொல்ல மாட்டன், அண்ணை சொன்ன இடமும் இல்லை அந்த நாளும் இல்லை. மகளுக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோனனான். வரிசையில நிண்ட எல்லாருக்கும் வைக்குது, உனக்கென்ன எண்டு கேட்டவை. வைக்காட்டி இனி இஞ்ச வராத எண்டும் ஒரு சொல் வந்தது. வேற கிளினிக்குக்குப் போறதெண்டால் 14 மைல், பஸ்ஸும் இல்லை. இடக்கை மேற்பக்கம் ரெண்டு குச்சி. தடவிப் பாத்தால் விளக்குமாத்து ஈர்க்கை முறிச்சு வைச்ச மாதிரி உருளும். இராவில பிள்ளை அந்தக் கையில தலை வைச்சுப் படுத்தால் நோகும். ரெண்டு கிழமைக்கொருக்காத் தீட்டு, தலைச்சுத்து. கழட்டுங்கோ எண்டு மூண்டு தரம் போனனான். அஞ்சு வருசம் முடியட்டும் எண்டு அனுப்பினவை. நாலாந்தரம் யாழ்ப்பாணத்தில காசு குடுத்துக் கழட்டினது. தழும்பு இருக்கு.

எனக்குப் பிறகு ஒரு பிள்ளை பிறந்தது. அதால என்ர கதையை உங்கட அக்காவின்ர கதையோட சேர்க்க மாட்டன். ஆனா கேட்காமல் என்ர உடம்பைத் தொட்டது தொட்டதுதான்.

#8 வெள்ளைச்சீலை
நீங்கள் சொல்லுறது சரி. கழட்டச் சொல்லி வந்தால் கழட்டத்தான் வேணும், காரணம் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

#9 மலையாளபுரத்துச் செல்வி
நாங்க 83 கலவரத்துக்குப் பிறகு மலையில இருந்து வன்னிக்கு வந்த குடும்பம். எங்கம்மாவுக்குத் தோட்டத்துல வச்சே செஞ்சிட்டாங்க. அப்போ அரசாங்கமே ஆபரேஷனுக்குக் காசு கொடுத்திச்சு. அம்மா கையில 500 ரூபா. கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்கள லொறியில ஏத்திக் கொண்டுபோனாங்கன்னு சொல்லும். அந்தக் காசுல ஒரு கம்பளியும் அப்பாவுக்கு ஒரு சாரமும் வாங்குச்சாம். கம்பளி கலவரத்துல எரிஞ்சு போச்சு.

காசுக்குக் கையெழுத்து வச்சது சம்மதமா? பசியில இருக்கிறவகிட்ட நீட்டுற 500 ரூபாயை அவ வேணாம்னு சொல்லுவாளா? எங்கம்மா வழக்கு போடல, போடலாம்னு தெரியவும் தெரியாது. 2016ல செத்துப்போச்சு. வன்னியில மட்டும்தான் நடந்துச்சுன்னு யாரும் எழுதாதீங்க, அதுக்குத்தான் சொல்றேன்.

#10 ஸ்காபரோ மாமா
பிள்ளை, யப்பான் கதையை நான் விபரமா வாசிச்சனான், சொல்லுறன்.

1948இல "தரம் குறைஞ்ச சந்ததி" பிறக்கக் கூடாது எண்டு சட்டமே போட்டவை. 1996 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. ஏறத்தாழ 25,000 பேர், அதில 16,500 பேருக்குச் சம்மதமே இல்லாமல். சட்டம் போட்டுச் செய்ததால அரசாங்கம் "அந்தக் காலத்தில அது சட்டப்படி சரி" எண்டு கையை விரிச்சுக்கொண்டே இருந்தது. 2018 ஜனவரியில செண்டாய் நகரத்தில ஒரு அம்மாதான் முதல் வழக்குப் போட்டவ. 15 வயசில செய்யப்பட்டவ. அவவுக்காக வெளியில வந்து நிண்டு கதைச்சது அவவின்ர அண்ணன் பெஞ்சாதி. (நந்திக்கடல் பிள்ளை, உம்மை அந்த இடத்தில வைச்சுத்தான் வாசிச்சனான்.) 2019 மே மாசம் தீர்ப்பு: சட்டம் அரசியலமைப்புக்கு மாறானது, ஆனா 20 வருசம் தாண்டிட்டுது, நட்டஈடு இல்லை. நியாயம் உன்ர பக்கம், ஆனா பிந்தி வந்திட்டாய் எண்டு சொல்லி வெறுங்கையோட அனுப்பினவை.

அவை விடேல்ல. 2022 பெப்ரவரியில ஒசாக்கா மேல் நீதிமன்றம்தான் முதன்முதலா நட்டஈடு குடுக்கச் சொன்னது. 2024 ஜூலை 3ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின்ர 15 நீதிபதிகளும் இருந்து தீர்ப்புச் சொல்லிச்சினம்: இந்த வழக்கில 20 வருசக் கணக்கைப் பிடிச்சு அரசாங்கம் தப்பிறது பெரிய அநீதி. அதே மாசம் பிரதமர் கிஷிடா நேர மன்னிப்புக் கேட்டார். பிறகு சட்டம் வந்து, 2025 ஜனவரியில இருந்து பாதிக்கப்பட்ட ஆளுக்கு ஒரு கோடியே 50 லட்சம் யென், வாழ்க்கைத் துணைக்கு 50 லட்சம் யென். தீர்ப்பைக் காண முதல் கண்ணை மூடின ஆக்களும் இருக்கினம்.

சபுரோ கிட்டா எண்ட புனைபெயரில ஒருத்தர். 14 வயசில செய்தது. மனிசி சாகக் கிடக்கேக்கதான் அவவிட்டச் சொன்னவராம். அவ்வளவு காலமும் பிள்ளை இல்லை எண்ட பழியைக் காவிக்கொண்டு அந்த மனிசி இருந்திருக்கு. துணைக்கும் காசு குடுக்கவேணும் எண்டு சட்டம் சொன்னதின்ர அர்த்தம் எனக்கு அதை வாசிச்சாப் பிறகுதான் விளங்கினது. உங்கட அத்தானுக்கும் இதைச் சொல்லுங்கோ.

நான் இருக்கிற இந்தக் கனடாவும் சுத்தமில்லை. அல்பேட்டா மாகாணத்தில 1928இல இருந்து 1972 வரைக்கும் இப்பிடி ஒரு சட்டம். லெய்லானி மியூர் எண்ட பொம்பிளைக்கு 1959இல, 14 வயசில, "அப்பென்டிக்ஸ் எடுக்கிறம்" எண்டு சொல்லிச் செய்தவை. கலியாணம் கட்டி, பிள்ளை நிக்கேல்ல எண்டு டொக்டரிட்டப் போன இடத்திலதான் தெரிஞ்சது. வழக்குப் போட்டு 1996இல வெண்டவ, 7 லட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு மேல. அவவுக்குப் பின்னால நூற்றுக்கணக்கானவை வழக்குப் போட வந்திச்சினம். 1998இல மாகாண அரசாங்கம் நட்டஈட்டுக்கு உச்ச வரம்பு வைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தது, சனம் எழும்பின எழும்பில அதை உடனயே வாபஸ் வாங்கினது.

#11 சட்டக்கொப்பி
மாமா, நன்றி. ஆனா எங்கட அக்காவுக்குக் கிட்ட வாற வழக்கு யப்பான் இல்லை. அங்க சட்டமே இருந்தது. எங்களிட்ட அப்பிடி ஒரு சட்டம் இல்லை, இருக்கிறது ஒரு கையெழுத்து. அதால நமீபியாவைப் பாருங்கோ.

எச்ஐவி தொற்றோட இருந்த மூண்டு பொம்பிளையள். அரச ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குப் போன இடத்தில குழாயைக் கட்டினது. படிவத்தில கையெழுத்து இருக்கு. ஆனா படிவத்தில எழுதியிருந்தது "பிடிஎல்" எண்ட மாதிரிச் சுருக்கெழுத்து. அது என்ன எண்டு தங்களுக்குத் தெரியாது எண்டு சொன்னவை. 2012இல மேல் நீதிமன்றமும் 2014இல உச்ச நீதிமன்றமும் அவையின்ர பக்கம் நிண்டது: பிரசவ வலியில கிடக்கிற ஒருத்தியிட்ட வாங்கின கையெழுத்து, விளங்கிக் குடுத்த சம்மதம் ஆகாது. இதில ஒரு விசயம், இரணைமடு அண்ணை, தயவுசெய்து கவனியுங்கோ. எச்ஐவி இருக்கு எண்ட காரணத்துக்காகத்தான் செய்தவை எண்டதையும் அவை சொன்னவை. அதை நீதிமன்றம் ஏற்கேல்ல, நிரூபிக்கப்படேல்ல எண்டது. ஆனாலும் வழக்கு வெண்டது. ஏனெண்டால் சம்மதம் இல்லை எண்டது மட்டும் நிரூபிச்சாலே காணும்.

சுலோவாக்கியாவிலயும் அப்பிடித்தான். ரோமா இனத்துப் பெண், பிரசவ வலியில, அடுத்த பிள்ளை வந்தால் செத்துப்போவாய் எண்டு பயப்படுத்திக் கையெழுத்து. 2011இல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை மனிதத் தன்மையற்ற, இழிவான நடத்துகை எண்டது, 31,000 யூரோ நட்டஈடு. எங்கட அரசியலமைப்பின்ர 11ஆம் உறுப்புரையில இருக்கிறதும் கிட்டத்தட்ட அதே வார்த்தையள்தான்.

அக்காவின்ர வழக்கைத் "தமிழ் எண்டதால செய்தவை" எண்டு தொடங்கினால், ஒரு ஆஸ்பத்திரி முழுதின்ர மனசில என்ன இருந்தது எண்டு நாங்கள் நிரூபிக்கவேணும். "எனக்கு விளங்கிற பாசையில ஒருத்தரும் சொல்லேல்ல" எண்டு தொடங்கினால், சொன்னம் எண்டு காட்டவேண்டியது அவை.

#12 இரணைமடுவான்
தம்பி, சட்டம் உமக்குத் தெரியும். எனக்கு எங்கட சனம் பட்டது தெரியும். இனத்தைப் பற்றிக் கதைக்காமல் விட்டால் உண்மையில பாதி போகும்.

#13 சட்டக்கொப்பி
அண்ணை, கதைக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல. மனுவில எதை முதல் வைக்கிறது எண்டதுதான் என்ர கதை. 2019இல குருநாகலில முஸ்லிம் டொக்டர் ஷாபிக்கு நடந்ததை நினைச்சுப் பாருங்கோ. ஆயிரக்கணக்கான சிங்களப் பொம்பிளையளுக்குக் கருத்தடை செய்தவர் எண்டு பேப்பரில போட்டு, கைது செய்து, குடும்பத்தையே சிதைச்சவை. ஆதாரம் இல்லை எண்டு சீஐடியே நீதிமன்றத்தில சொன்னது. பிறகு நிலுவைச் சம்பளம் கிடைச்சபோது அதை மருந்து வாங்கக் குடுத்த மனிசன் அவர். இனத்தை முன்னுக்கு வைச்சு, ஆதாரத்தைப் பின்னுக்கு வைச்சால் அப்பிடித்தான் முடியும். எங்களிட்ட அந்தக் கடதாசி இருக்கு. அதை வெறும் கூச்சலாக்கிப்போட வேண்டாம்.

#14 இரணைமடுவான்
விளங்குது. வவுனியாவுக்குப் போக வாகனம் தேவை எண்டால் என்ர வான் இருக்கு. காசு வேண்டாம்.

#15 நந்திக்கடல் கரை
அண்ணை, நன்றி. அக்கா அழுறா. யோசிச்சுத்தான் சொல்லுவாவாம். அத்தான் போகச் சொல்லுறார். மாமியார்தான் "ஊருக்குத் தெரிஞ்சால் மகளைக் கட்டிக்குடுக்க ஏலாது" எண்டுறா. ரெண்டாவது மகளுக்கு இப்ப 18.

#16 பாலைப்பழம்
அந்த மகளிட்டயே கேளுங்கோ. 18 வயசுப் பிள்ளைக்கு விளங்கும்.

#17 சட்டக்கொப்பி
முடிவு அக்காவின்ர. ஆனா முடிவெடுக்க முதலே செய்யக்கூடியது ரெண்டு இருக்கு, ரெண்டுக்கும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ 2012 ஆஸ்பத்திரிக்கு ஒரு விண்ணப்பம்: தன்ர பிரசவக் கோவையின்ர பிரதி, சம்மதப் படிவத்தோட. தமிழிலயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு முடிவு சொல்லவேணும். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதுக்குத் துண்டு வாங்காமல் வராதேங்கோ.

மற்றது, அக்காவை இருத்தி, அந்த இரவைப் பற்றி ஞாபகம் இருக்கிறது எல்லாத்தையும் எழுதுங்கோ. பெரிசா ஒண்டும் தேவையில்லை. பக்கத்துக் கட்டிலில ஆர், படிவம் குடுத்தது ஆர், என்ன பாசையில, பேனை ஆரின்ர. வழக்கில நிக்கிறது இப்பிடியான சின்ன விசயங்கள்தான்.

#18 நந்திக்கடல் கரை
23ஆம் நாள். இண்டைக்கு வவுனியாவுக்குப் போய்ப் பதிஞ்சிட்டம். அக்கா, அத்தான், நான், ரெண்டாவது மகள். மகள்தான் "அம்மா நீங்கள் போகாட்டி நான் போவன்" எண்டது. இரணைமடு அண்ணை விடிய அஞ்சு மணிக்கே வானோட வந்து நிண்டவர், புளியங்குளத்தில தேத்தண்ணியும் வாங்கித் தந்தவர். உள்ளுக்குக் கேட்டதுக்கெல்லாம் அக்காவே பதில் சொன்னவ. "உங்களுக்கு என்ன வேணும்?" எண்டு கேட்கினம். அக்கா காசு எண்டு சொல்லேல்ல. "ஆர் முடிவெடுத்தது எண்டு தெரியவேணும்" எண்டவ. பிறகு நாங்கள் சொல்லித்தான் நட்டஈடும் எண்டு எழுதினது. இலக்கம் போட்ட துண்டு தந்தவை. தகவல் விண்ணப்பமும் போன கிழமை குடுத்தாச்சு, அதுக்கும் துண்டு இருக்கு. ரெண்டும் இப்ப அந்தச் சொப்பிங் பைக்குள்ள.

#19 வெள்ளைச்சீலை
படிவம் கிடைச்ச உடன எனக்குத் தனிமடல் போடுங்கோ தங்கச்சி. சிங்களத்தில இருந்தால் வரிவரியா வாசிச்சு எழுதித் தாறன். அதில சுருக்கெழுத்து எது, பிறகு சேர்த்தது எது எண்டும் பாத்துச் சொல்லலாம். சாட்சி தேவை எண்டால், கிளினிக்கில எப்பிடிக் கேட்கவேணும் எண்டு சொல்ல நான் வாறன். பேரோட.

#20 நந்திக்கடல் கரை
மிஸ், அக்கா பக்கத்தில இருந்து இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டவ. உங்களிட்ட ஒண்டு கேட்கச் சொன்னவ. அந்தப் படிவத்தில நேரம் போட்டிருக்குமோ எண்டு. கையில பேனையைத் தரேக்க எதிர்ச் சுவரில மணிக்கூடு இருந்ததாம், ரெண்டே கால். அவவுக்கு அது மட்டும் வடிவா ஞாபகம் இருக்காம். பொடியன் பிறந்தது ரெண்டு நாப்பது.

#21 வெள்ளைச்சீலை
போட்டிருக்கும் தங்கச்சி. போடத்தான் வேணும்.